வாசகர் கேள்வி பதில்: கொடுக்க மனசு இருக்கிறது, ஈசிஜி தடுக்கிறது

பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுக்கலாமா? நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து இதுபற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

தம்பிக்கு 29 வயது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ரத்த வகை பொருந்தி, எனக்கு எல்லா டெஸ்டும் முடியப்போகும் நேரத்தில், ஈசிஜியில் ‘க்யூடி நீளம், 490’ என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதுவரை ஒரு மயக்கம்கூட வந்ததில்லை. இனி நான் கொடுக்கவே முடியாதா? – வாசகி, அம்பாசமுத்திரம்

அந்த 490 நிஜமா என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை மின்சாரத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டுதான் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். ஈசிஜியில் க்யூ அலை தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் இடம் வரை உள்ள நேரம்தான் க்யூடி. துடிப்பு வேகமானால் அது தானாகவே சுருங்கும். அதனால் வேகத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்திய எண்ணைத்தான் மருத்துவர்கள் பார்ப்பார்கள். உங்களுக்குச் சொன்ன 490 அந்தத் திருத்திய எண். ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லிசெகண்டு வரை சாதாரணம். வேறு காரணம் இல்லாமல் திரும்பத் திரும்ப எடுத்தும் 480-ஐத் தாண்டினால் ‘நீள க்யூடி’ என்ற பரம்பரை நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். 500-ஐத் தாண்டினால் துடிப்பு தடுமாறி மயக்கமோ திடீர்ச் சாவோ வரும் ஆபத்து அதிகம்.

உங்கள் ஈசிஜி தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்டு. க்யூடி 10 கட்டம் என்றால் 400. துடிப்பு நிமிடத்துக்கு 60 ஆக இருந்தால் திருத்திய எண்ணும் 400தான். அதே 10 கட்டம், துடிப்பு மட்டும் 100 என்றால் திருத்திய எண் 516 ஆகிவிடும். வழக்கமாகப் போடும் கணக்கு வேகமான துடிப்பில் எண்ணைக் கூட்டிக் காட்டும் கணக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி, மாடிப்படி ஏறி, பதற்றத்தோடு படுத்த கையோடு எடுத்த ஈசிஜியை வைத்து யாரும் முடிவு சொல்லக்கூடாது. பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு எடுங்கள். வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை எடுங்கள். மெஷின் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பாமல், இதய மருத்துவர் இரண்டாவது லீடிலோ வி5 லீடிலோ கையால் அளக்க வேண்டும்.

அடுத்தது மருந்து. சளிக்கு அசித்ரோமைசின், வயிற்றெரிச்சலுக்கு டோம்பெரிடோன் கலந்த மாத்திரை, வாந்திக்கு ஒண்டான்செட்ரான் எல்லாமே க்யூடியை நீட்டக்கூடியவை. காலையில் வெறும் வயிற்றில் ‘பான்-டி’ போடுகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். அதில் உள்ள ‘டி’ டோம்பெரிடோன்தான். போன மாதம் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைக்கூட ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அசித்ரோமைசின் உடம்பை விட்டுப் போகவே இரண்டு வாரம் ஆகும். பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், தைராய்டு நான்கையும் சோதித்து, குறை இருந்தால் சரிசெய்துவிட்டுத் திரும்ப ஈசிஜி எடுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நீளமாகவே இருந்தால் குடும்பக் கதை கேட்க வேண்டும். ஈசிஜி அளவுக்கு இதுவும் முக்கியம் என்போம். ‘யாருக்காவது ஹார்ட் அட்டாக் வந்ததா’ என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பையன் யாராவது தாமிரபரணியிலோ குளத்திலோ முங்கிப் போனானா? நீள க்யூடியின் முதல் வகை நீச்சலிலும் ஓட்டத்திலும்தான் தாக்கும். ‘சுழல் இழுத்துட்டு’ என்று ஊரே நம்பிய சாவுகளில் சில இதுவாக இருந்திருக்கலாம். கொடை விழாவில் வேட்டுப் போட்ட சத்தத்திலோ, விடிகாலை அலாரம் அடித்தபோதோ யாராவது சுருண்டு விழுந்ததுண்டா? திடீர்ச் சத்தம் இரண்டாம் வகையின் அடையாளம். பிரசவமான முதல் சில மாதங்களும் அந்த வகைக்கு ஆபத்தானவை. தூக்கத்திலேயே போனவர் உண்டா? மூன்றாம் வகை ஓய்வில் தாக்கும். வலிப்பு என்று வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் நிற்காதவர் உண்டா? அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கட்டிய வீட்டில் பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை அடிக்கடி மயங்கி விழுந்தால், அந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் இருவருக்கும் அவசியம் ஈசிஜி எடுக்க வேண்டும். வீட்டு ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்டால் அரை மணி நேரத்தில் மூன்று தலைமுறையும் வந்துவிடும். ஒரு தாளில் குடும்ப மரமாக எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, நிறுத்திய நான்காவது நிமிடத்தில் அளந்தால் 480-க்குக் குறையவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். பிறகு மரபணு சோதனை. அதில் ஒன்றும் கிடைக்காததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நோய் உறுதியானவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்காவது மரபணு பிடிபடுவதில்லை. ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று ரிப்போர்ட் வந்தால், அதை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ முடிவெடுக்கக்கூடாது.

நோய் உறுதியானால் கதவு அடைத்துவிட்டதா? எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடை என்று கிடையாது. ஒருமுறை இதயம் நின்று மீண்டவர், மாத்திரை சாப்பிட்டும் மயங்கி விழுகிறவர், 500-க்கு மேல் உள்ளவர், இவர்களிடமிருந்து எடுக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அறிகுறியே இல்லாமல், மருந்தில் கட்டுப்பட்டு இருப்பவரை இதய மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் சிறுநீரகக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யலாம். ஆரோக்கியமானவர்கள் சிறுநீரகம் கொடுக்கும்போதே அறுவையை ஒட்டி உயிர் போவது 10,000 பேரில் சுமார் 3 பேருக்கு. கொடுப்பவர் உடம்புக்கு இந்த அறுவையால் ஒரு பலனும் இல்லை. அதனால்தான் அந்த 3-ஐக் கூட்டுகிற எதையும் மருத்துவர்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. உங்களை நிறுத்தியவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. உங்களுக்கு இருந்தால் தம்பிக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு. டயாலிசிஸில் இருப்பவருக்கு இது இன்னும் அவசரமான செய்தி. டயாலிசிஸ் ஓடும் நாலு மணி நேரத்தில் பொட்டாசியம் சட்டென்று இறங்கும், க்யூடி நீளும். தம்பிக்கும் உறுதியானால் டயாலிசிஸ் திரவத்தில் பொட்டாசியத்தை மிகக் குறைவாக வைக்க வேண்டாம் என்று சிறுநீரக மருத்துவரிடம் பேச வேண்டும். நாளை மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு, அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸும் க்யூடியை நீட்டும். அவருக்கு இந்த வாரமே ஈசிஜி எடுங்கள், டயாலிசிஸுக்கு முன் ஒன்று, முடிந்ததும் ஒன்று. இதற்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம்.

கொடுப்பவருடைய இதய நோய் கிட்னி வழியாக வாங்குபவருக்குப் போய்விடுமா? – வாசகர், களக்காடு

போகாது. மரபணு மாற்றம் அந்தச் சிறுநீரகத்தின் செல்களில் இருக்கும், ஆனால் வாங்குபவரின் இதயம் அவருடையதுதான். அது பழையபடியே துடிக்கும்.

என் மனைவிக்கு நீள க்யூடி, முதல் வகை. மயங்கியதில்லை. ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறாள். எங்கள் மகளுக்குச் சிறுநீரகம் கொடுக்க மருத்துவர்கள் சம்மதித்துவிட்டார்கள். மகளுக்கு அந்த மரபணு இல்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? – வாசகர், வள்ளியூர்

மகளுக்கும் சோதித்துவிட்டீர்கள், நல்லது. பெரும்பாலும் தவறு நடப்பது கத்தி வைக்கும் இடத்தில் இல்லை. ராத்திரி ஷிப்ட் மாறி, நோயாளி ‘குமட்டுது சிஸ்டர்’ என்று சொல்ல, வழக்கமாகப் போடும் ஒண்டான்செட்ரான் ஊசியைப் போட்டுவிடுவார்கள். அந்த நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அவருக்குத் தெரியும்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அனுமதியாகும் அன்றே கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் ‘நீள க்யூடி – மருந்து போடும் முன் பட்டியல் பார்க்கவும்’ என்று எழுதச் சொல்லுங்கள். அலர்ஜிக்குக் கட்டும் கைப்பட்டை மாதிரி ஒன்றும் கட்டச் சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

பட்டியலில் முக்கியமானவை: வாந்திக்கு ஒண்டான்செட்ரான், டோம்பெரிடோன், ஆன்டிபயாடிக்கில் அசித்ரோமைசின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், மனக்குழப்பத்துக்கு ஹாலோபெரிடால். வாந்தியைத் தடுக்க டெக்சாமெத்தசோன் கொடுக்கலாம். வலிக்கு பாராசிட்டமால் முதலில். டிரமடாலைத் தவிர்ப்பது நல்லது. டைக்ளோஃபெனாக் ஊசி இதயத்தை விட்டாலும் மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தை விடாது, அதுவும் வேண்டாம். முழுப் பட்டியல் ‘கிரெடிபிள்மெட்ஸ்’ என்ற பெயரில் இருக்கிறது, மருத்துவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அறுவை நாளன்று காலை மாத்திரையை நிறுத்தவே கூடாது. ‘வெறும் வயிறு’ என்றால் எல்லா மாத்திரையும் வேண்டாம் என்று வார்டில் தப்பாகப் புரிந்துகொள்வது உண்டு. அட்ரினலின் வேகத்தை அடக்கும் ப்ரொப்ரனலாலை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் அட்ரினலினுக்கு முன்னால் கவசமில்லாமல் நிற்கும். ஸ்டாக் இல்லை என்று மெட்டோப்ரொலாலோ அட்டனலாலோ மாற்றிக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயர் ஒரே குடும்பம்தான், இந்த நோயில் காக்கும் பலம் ஒன்றல்ல. வீட்டிலிருந்தே பத்து நாள் மாத்திரையைக் கையோடு கொண்டு போங்கள்.

மயக்க மருந்து மருத்துவரை முந்தின நாள் கட்டாயம் பாருங்கள். அவர் செய்யப்போவது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். பொட்டாசியம் 4-க்கு மேலும் மெக்னீசியம் 2-க்கு மேலும் வைத்துக்கொள்வார். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ஷாக் மெஷினின் பேடுகளை நெஞ்சில் ஒட்டிவிடுவார். மயக்கத்துக்கு ப்ரொபோஃபால் இந்த நோயில் நல்ல தேர்வு. செவோஃப்ளூரேன் போன்ற வாயுக்கள் க்யூடியை நீட்டும். தொண்டையில் குழாய் விடும் நொடியிலும் வெளியே எடுக்கும் நொடியிலும் அட்ரினலின் பொங்கும். இந்த இரண்டு இடத்திலும் ஆழ்ந்த மயக்கமும் நிதானமும் வேண்டும். தசைத் தளர்வை முறிக்க வழக்கமாகப் போடும் நியோஸ்டிக்மைன், கிளைக்கோபைரோலேட் ஜோடிக்குப் பதில் சுகமாடெக்ஸ் இருந்தால் நல்லது.

லேப்ராஸ்கோபியில் வயிற்றை கார்பன் டை ஆக்சைடால் ஊதுவார்கள், அழுத்தம் 12 முதல் 15. வயிற்று உறை இழுபடும்போது துடிப்பு சட்டென்று குறையலாம். இரண்டாம், மூன்றாம் வகையில் நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் துடிப்பே அபாயமான சுழல் துடிப்பைக் கிளப்பும். மெதுவாக ஊதுவது, 12-க்குள் வைப்பது, துடிப்பு இறங்கினால் உடனே காற்றை இறக்குவது நல்ல குழுவின் பழக்கம். ஏசி குளிரில் உடம்பு சில்லிட்டாலும் க்யூடி நீளும், சூடுகாற்றுப் போர்வை வேண்டும்.

சுழல் துடிப்பு வந்துவிட்டால் முதல் மருந்து மெக்னீசியம் 2 கிராம், ரத்தக் குழாயில். இதயத் துடிப்புக் கோளாறு என்றதும் கை பழக்கத்தில் அமியோடரோனுக்குப் போகும். நீள க்யூடியில் அது நெருப்பில் எண்ணெய். இதை முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளும் குழு இருக்கும் மையத்தையே தேர்ந்தெடுங்கள். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஈசிஜி மானிட்டர் உள்ள படுக்கையில் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் நன்றாக நடக்கிறார் என்று மானிட்டரைக் கழற்றி ஜெனரல் வார்டுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். குமட்டல், சரியாகச் சாப்பிடாதது, பொட்டாசியம் இறங்குவது எல்லாம் சேர்வது அந்த நாளில்தான்.

அண்ணன் 38 வயதில் தூக்கத்தில் இறந்தான். எனக்கும் ‘ப்ருகாடா’ என்று சொன்னார்கள். மனைவிக்கு நான் கொடுக்கலாமா? அவள் என் சொந்த அத்தை மகள். – வாசகர், நாங்குநேரி

ப்ருகாடாவும் தூக்கத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய பரம்பரைத் துடிப்புக் கோளாறுதான், ஈசிஜியில் அதற்கென்று ஒரு குறி உண்டு. குடும்பத்தில் இப்படி ஒரு சாவு, கூடவே எந்த மருந்தும் ஏற்றாமலே ஈசிஜியில் அந்தக் குறி தெரிகிறது என்றால் நீங்கள் கொடுப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். மருந்து ஏற்றிச் சோதித்தபோது மட்டும் தெரிந்தது, மயக்கமும் இல்லை என்றால் ப்ருகாடா பார்த்துப் பழகிய இதய மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். ஈசிஜியை நெஞ்சில் ஒரு விலா இடைவெளி மேலே தள்ளி வைத்தும் எடுக்க வேண்டும். சாதாரண இடத்தில் மறைந்திருப்பது அங்கே தெரியும்.

வள்ளியூர்க் கடிதத்துக்குச் சொன்ன பட்டியலை நீங்கள் அப்படியே பின்பற்றாதீர்கள். நீள க்யூடிக்கு நல்லதான ப்ரொபோஃபாலை ப்ருகாடாவில் நீண்ட நேரம் ஏற்றக்கூடாது. வலி மரக்கப் போடும் ப்யூபிவகெய்னும் ஆகாது. பெரிய எதிரி காய்ச்சல். எந்தக் காய்ச்சலிலும் உடனே பாராசிட்டமால், கூடவே ஈசிஜி.

அத்தை மகள் என்பதால் உங்கள் மனைவிக்கும் அதே மரபணு இருக்கலாம். கணவன் மனைவி என்றால் ரத்த சம்பந்தம் இல்லை, பரம்பரை நோய்ப் பயம் இல்லை என்பது வெளியில் கட்டியவர்களுக்குச் சரி. யாருடைய சிறுநீரகம் வந்தாலும் அவருக்கும் மயக்க மருந்து கொடுக்கத்தானே போகிறார்கள்? அவருக்கும் ஈசிஜி பாருங்கள். பிள்ளைகளுக்கும்.

நெஞ்சில் ஐசிடி வைத்தவர் கொடுக்கலாமா? – வாசகர், சங்கரன்கோவில்

ஐசிடி என்பது ஆபத்தான துடிப்பு வந்தால் தானே ஷாக் கொடுக்க நெஞ்சில் பதிக்கும் சின்னக் கருவி. அதை வைக்கும் அளவுக்கு ஆபத்து இருந்திருக்கிறது என்பதே பொதுவாக மறுப்பதற்குப் போதுமான காரணம். ஆனால் அவருக்கே வேறு ஏதாவது அறுவை வரும்போது இதைக் கேட்டு வையுங்கள். அறுவையில் ரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும் காட்டரியின் மின்சாரத்தை ஐசிடி தப்பான துடிப்பு என்று நினைத்து ஷாக் கொடுக்கலாம். அதனால் ஷாக்கை நிறுத்தி வைப்பார்கள். காந்தம் வைத்து நிறுத்தினால், ஒருக்களித்துப் படுக்க வைக்கும் அறுவையில் அது நழுவிவிடும். புரோகிராமர் கருவியால் நிறுத்துவதே உறுதி. முடிந்ததும் திரும்ப ஆன் செய்தார்களா என்று மானிட்டரைக் கழற்றும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறந்தே போய் வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அது வெறும் பெட்டிதான்.

என் கொழுந்தனுக்கு நான் கொடுப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கும் துடிப்புக் கோளாறு இருக்கிறது. பயமாக இருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. – பெயர், ஊர் வேண்டாம்

பயப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள்தான் நெருங்கிய உறவு. கொழுந்தனுக்கு மதினி அதில் வரமாட்டார். நீங்கள் கொடுப்பதானால் அங்கீகாரக் குழு உங்களை நேரில் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் அனுமதி. அந்த அறைக்குப் போகும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சிறுநீரகப் பிரிவில் மருத்துவரிடமோ மாற்று ஒருங்கிணைப்பாளரிடமோ ‘தனியாகப் பேசணும்’ என்று சொல்லுங்கள், கணவர்கூட வேண்டாம். மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று மட்டும் அவர்கள் வீட்டில் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அது பொய்யும் இல்லை. அறுவை அரங்கின் வாசல் வரை போயும் மறுக்கலாம்.

நம் நாட்டில் உயிரோடு கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், வாங்குபவர்களில் ஆண்கள் அதிகம். இந்த ஊர்ப் பெண்கள் ‘எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லும் பழக்கத்தை மருத்துவர்களும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

கொழுந்தனுக்கு வழி இல்லாமல் போகவில்லை. தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று அமைப்பான டிரான்ஸ்டானில் இறந்தவர் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் மருத்துவமனை மூலம் இன்றே பதியலாம். வீட்டில் கொடையாளர் தேடிக்கொண்டே பதியலாம். இரு குடும்பம் மாற்றிக் கொடுக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். அது ரத்த வகை பொருந்தாத நெருங்கிய உறவினருக்கானது. இதயத்தால் கொடுக்க முடியாதவர் யாருக்குமே கொடுக்க முடியாது.

டபிள்யூபிடபிள்யூ இருந்து, கதிரலை வைத்துச் சுட்டுச் சரிசெய்தாயிற்று. கொடுக்கலாமா? – வாசகர், சேரன்மகாதேவி

பெரும்பாலும் கொடுக்கலாம். டபிள்யூபிடபிள்யூ என்பது இதயத்தில் பிறவியிலேயே இருக்கும் கூடுதல் மின்பாதை. அது அழிந்ததை ஈசிஜியில் உறுதிசெய்து, எக்கோவில் இதயம் நலமாக இருந்தால் போதும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை.

நீள க்யூடியோடு சிறுநீரகம் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. நலம். அன்றாடம் என்ன கவனிக்க வேண்டும்? – வாசகி, கடையம்

ஒற்றைச் சிறுநீரகம் கொஞ்ச நாளில் தன்னைப் பெருக்கிக்கொண்டு, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்யும். வருஷம் ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ஈசிஜி பாருங்கள். அட்டனலால், நாடலால் இரண்டும் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்துகள். அவற்றில் ஒன்றைச் சாப்பிட்டால் கிரியேட்டினினைப் பார்த்து அளவைத் திருத்த வேண்டும். ப்ரொப்ரனலால் ஈரல் வழி, அதற்கு இந்தக் கவலை இல்லை.

வாந்தி பேதி வந்தால் மட்டும் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு அடி, பொட்டாசியம் குறைந்தால் இதயத்துக்கு அடி. முதல் பேதியிலேயே ஓஆர்எஸ் கரைத்துக் குடியுங்கள். நாலைந்து தடவைக்கு மேல் போனால் மருத்துவமனையில் பொட்டாசியமும் ஈசிஜியும் பார்க்க வேண்டும். இருமலுக்கு நாள்கணக்கில் அதிமதுரம் வாயில் போட்டு மெல்லாதீர்கள், அது பொட்டாசியத்தை இறக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். வயிற்றுக்கென்று வருஷக்கணக்கில் பான்டோப்ரசோல் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையும்.

சித்திரை வெயிலில் இளநீரும் பதநீரும் உங்களுக்குத் தாராளமாக ஆகும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் டயாலிசிஸில் இருப்பவர் யாராவது இருந்தால், வெட்டிய இளநீரை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு நல்லது செய்யும் அதே பொட்டாசியம் அவர் இதயத்தை நிறுத்திவிடும்.